உடலின் தாங்கும் திறன்

ஒட்டகத்துக்குப் பாலைவனம், பனிக்கரடிக்கு வடதுருவம், திமிங்கிலத்துக்கு ஆழ்கடல் என ஒவ்வோர் உயிருக்கும் ஓர் இடம் அமைந்திருக்கிறது. இடம் மாற்றி வைத்தால் அவை வாழமாட்டா. மனிதனோ எங்கும் செல்கிறான். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையை உடைக்கிறான். கடலடியில் முத்தும் சங்கும் எடுக்கிறான். இமயத்தின் உச்சியில் கொடி நாட்டுகிறான். அவனுக்கு அடர்ந்த உரோமமும் இல்லை. தடித்த தோலும் இல்லை. பின் எவ்வாறு இவற்றைத் தாங்குகிறான்?

உடை, கருவி, அறிவு ஆகியவை உதவுகின்றன என்பது உண்மையே. ஆயினும் அவற்றுக்கு முன்னதாக, நம் கட்டளையை எதிர்பாராமல், உடலே பல ஏற்பாடுகளைச் செய்துகொள்கிறது. அந்த ஏற்பாடுகள் யாவை, அவற்றுக்கு எல்லை எது என்பதை இக்கட்டுரையில் காண்போம். இது மலையேறுவோருக்கும் ஓட்டக்காரர்களுக்கும் மட்டும் உரிய பாடம் அன்று. சித்திரை வெயிலில் நடந்து பள்ளிக்கு வரும் மாணவிக்கும், தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் நெய்யும் பெற்றோருக்கும் இது பயன்படும் பாடமே.

உள்ளே மாறாத ஓர் உலகம்

மார்கழி விடியலில் ஏனாத்தூரில் பனி மூட்டம். போர்வையை விட மனம் வருவதில்லை. அக்கினி நட்சத்திர நாட்களிலோ வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. வெளியே இவ்வளவு வேறுபாடு இருந்தும், நம் உடலின் உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரியிலேயே நிற்கிறது. இரண்டு டிகிரி ஏறினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். இரண்டு டிகிரி இறங்கினால் உடல் விறைக்கத் தொடங்குகிறது. நாம் வாழ்வது இந்தக் குறுகிய இடைவெளியில்தான்.

வெளியுலகம் எப்படி மாறினாலும் உட்சூழல் மாறாதிருப்பதே உயிரின் அடிப்படை என்று முதலில் எடுத்துரைத்தவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார்டு. அக்கருத்தை விரித்து, 1932இல் உடலின் ஞானம் என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன். இந்த ஞானத்தின் தலைமைச் செயலகம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியாகும். இரத்தத்தின் வெப்பம், உப்பின் அளவு, நீரின் அளவு ஆகிய செய்திகள் இடைவிடாமல் அங்கே போய்ச் சேருகின்றன. தாகம், வியர்வை, நடுக்கம் ஆகியவை அங்கிருந்து பிறக்கும் ஆணைகளே.

மண்பானையும் மனிதத் தோலும்

கோடைக்காலத்தில் நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் தோலும் இதே முறையில்தான் இயங்குகிறது. தோலில் இருபது இலட்சம் முதல் நாற்பது இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். முப்பது டிகிரியில் உள்ள எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ இவ்வளவு வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் ஓசையின்றி வெளியேற்றிவிடுகிறது நம் தோல்.

இதனை நேரிலேயே சோதித்துப் பார்த்தார் ஆங்கில மருத்துவர் சார்லஸ் பிளாக்டன். 1774இல் இலண்டனில், நீர் கொதிக்கும் நிலையைவிட அதிகமாகச் சூடேற்றப்பட்ட ஓர் அறைக்குள் அவரும் நண்பர்களும் சில நிமிடங்கள் இருந்தனர். அதே அறையின் சூட்டில் வைக்கப்பட்ட இறைச்சித் துண்டு வெந்து உலர்ந்துபோயிற்று. மனிதர்களோ நலமாக வெளியே வந்தனர். வெந்த இறைச்சிக்கும் வேகாத மனிதனுக்கும் இடையே நின்றது வியர்வைதான். அந்த அறையின் காற்று உலர்ந்த காற்று என்பதை இங்கே மறத்தலாகாது.

ஏனெனில், மழைக்காலத்தில் மண்பானை குளிர்வதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாக இடமில்லை. புழுக்கமான நாளில் நம் நிலையும் இதுவே. வியர்வை பெருகிச் சொட்டுகிறது. ஆனால் உடல் குளிர்வதில்லை. சொட்டிய வியர்வை வீணே. ஆவியான வியர்வையே பயன் தரும்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றுப்படும்படி வைத்தால், வெப்பம், ஈரம் இரண்டையும் சேர்த்து அளக்கலாம். இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். இது 35 டிகிரியை எட்டினால் எவ்வளவு வலிமையுள்ளவரும் சில மணி நேரத்துக்கு மேல் உயிர் தாங்க இயலாது என்பது 2010இல் அறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்ன எல்லை. 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களைக் கொண்டு சோதித்தபோது, ஈரமான சூழலில் சுமார் 31 டிகிரியிலேயே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியதைக் கண்டனர். கணக்கில் வந்த எல்லையைவிட உண்மையான எல்லை அருகிலேயே இருக்கிறது.

கோலார் சுரங்கம் கற்பிக்கும் பாடம்

கடும் வெப்பத்தில் மனிதன் உழைத்ததற்கு நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. கருநாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. அங்கே பாறை உடைக்கச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். அதிலும் வட ஆர்க்காடு போன்ற அண்டை மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றவர்கள் பலர். சாம்பியன் ரீஃப் என்னும் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

பூமிக்குள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறும். கோலாரின் அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. தூசி அடங்கத் துளைகளில் நீர் பாய்ச்சுவதால் காற்றிலும் ஈரம் மிகும். மேலிருந்து குளிர்ந்த காற்றைச் செலுத்தினால்தான் அங்கே வேலை நடக்கும். காற்றைக் குளிர்வித்தும் அங்கு நிலவிய வெப்பத்தை, மேலிருந்து புதிதாக இறங்கும் ஒருவரால் தாங்குவது அரிது. ஆனால் அங்கேயே பழகியவர் அதே இடத்தில் முழு நேரமும் வேலை செய்தார். இது எவ்வாறு நிகழ்கிறது?

வெப்பத்தில் நாள்தோறும் சிறிது நேரம் உழைத்துவந்தால், ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் உடலில் மாறுதல்கள் தோன்றுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. ஆதலால் இதயம் முன்போல் படபடப்பதில்லை. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது; அதிகமாகவும் சுரக்கிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. அதாவது உடல் தன் உப்பைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொள்கிறது. இதற்கு வெப்பப் பழக்கம் என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் புதிய தொழிலாளரை ஆழத்துக்கு அனுப்புமுன் இவ்வாறு பழக்குவதையே ஒரு முறையாக வைத்திருந்தனர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, உடலுக்குக் கால அவகாசம் தரவேண்டும். வெப்பத்தில் உழைப்போருக்கு நேரும் மரணங்களில் பெரும்பகுதி வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நேருகிறது. மற்றொன்று, பழக்கம் நிலையானது அன்று. சில வாரங்கள் நிழலில் இருந்துவிட்டால் அது மறைந்துவிடும். கோடை விடுமுறையை வீட்டுக்குள்ளேயே கழித்த மாணவி, பள்ளி திறந்த முதல் நாளிலேயே நண்பகலில் மைதானத்தைச் சுற்றி ஓட முற்பட்டால் மயங்கி விழுவதில் வியப்பில்லை.

உழைப்பு என்னும் உள்நெருப்பு

வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே தசைகள் வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. கடுமையாக ஓடும்போது அது இருபது லிட்டருக்கு மேல் செல்கிறது. தசைகளுக்குப் பிராணவாயு வேண்டும். ஆகவே அவை இரத்தத்தைக் கேட்கின்றன. வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். ஒரு கிணற்றிலிருந்து இரு வாய்க்கால்களுக்கு நீர் இறைப்பது போல இதயம் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. வியர்வையால் நீர் குறைந்து கிணறு வற்றத் தொடங்கினால், இரண்டு வாய்க்காலும் காயும். அப்போது தலை சுற்றுகிறது, கால்கள் பின்னுகின்றன.

1984 ஆகஸ்டு 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்கான மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் என்னும் 39 வயது வீராங்கனை, வெயிலில் நீர் வற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடியபடி அரங்கினுள் நுழைந்தார். கடைசிச் சுற்றைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆயின. மருத்துவர்கள் அருகிலேயே நடந்துவந்தனர். அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைக் கண்டே ஓட்டத்தை முடிக்க விட்டனர். கோட்டைத் தாண்டியதும் மருத்துவர்களின் கைகளில் விழுந்தார். உடனே சிகிச்சை பெற்று விரைவில் தேறினார். அவருடைய மனவுறுதியை உலகம் போற்றியது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. அவரைச் சுற்றிலும் மருத்துவர்கள் இருந்தனர். வயல்வெளியிலும் செங்கற்சூளையிலும் அதே நிலைக்கு ஆளாகும் பெண்ணின் அருகே மருத்துவர் எவரும் நடந்துவருவதில்லை.

நீரும் உப்பும்

வெயிலில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வையை இழப்பது சாதாரணம். வியர்வை வெறும் நீர் அன்று; உப்பும் கலந்தது. ஆகவே நீரும் உப்பும் சேர்ந்தே திரும்பிச் சேர வேண்டும். இந்த எளிய உண்மையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் வங்காள மருத்துவர் திலீப் மகலனோபிஸ். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழியே செலுத்தும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அவர் வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்ட இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை உடன் இருந்தால்தான் குடல் உப்பை விரைவாக ஈர்க்கும். உப்பின் பின்னே நீரும் செல்லும். வெறும் தண்ணீரைவிட இக்கலவை சிறந்ததற்கு இதுவே காரணம்.

நம் முன்னோர் உப்பிட்ட நீராகாரமும் நீர்மோரும் பருகிவிட்டு வேலைக்குச் சென்றனர். கஞ்சியில் மாவுச்சத்து உண்டு, உப்பு உண்டு, நீர் உண்டு. அறிவியல் பிற்காலத்தில் விளக்கியதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

நீர் குறைந்தால் முதலில் துன்புறுவது சிறுநீரகம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவை மிஞ்சிய வெப்பத்தில் வேலை செய்தனர். சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. அருகில் கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது இத்தகைய இடங்களில் வேலை செய்யும் பெண்களிடம் காணப்படும் வழக்கம். அதே நிறுவனத்தார் எண்ணூறு கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு நேரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2024இல் காட்டியது. தாங்குகிறோம் என்று நாம் எண்ணும்போதே உடல் உள்ளுக்குள் விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

குளிர்

குளிரில் உடல் இதற்கு நேர்மாறாகச் செய்கிறது. தோலின் இரத்த நாளங்கள் சுருங்கி, வெப்பத்தை உள்ளே பூட்டி வைக்கின்றன. பின்னர் தசைகள் தாமாகவே நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. குளிர் மேலும் கடுமையானால் விரல்களையும் மூக்கு நுனியையும் கைவிட்டு, இதயத்தையும் மூளையையும் காக்கிறது உடல். கிளை கருகினாலும் வேர் பிழைக்கட்டும் என்பது அதன் நீதி.

1983இல் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள் அண்டார்க்டிகா சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றனர். பிற்காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மங்களா மணி, தம் 56ஆம் வயதில், 2016-17இல் பாரதி நிலையத்தில் 403 நாட்கள் தங்கிப் பணியாற்றினார். அங்கே செல்வோர் உடல்நலச் சோதனைக்கும் பனிப் பயிற்சிக்கும் பிறகே அனுப்பப்படுகின்றனர். குளிரிலும் முன்னேற்பாடே முதல் கவசம்.

உயரம்

எவரெஸ்டு சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவே. ஏனாத்தூரிலிருந்து ஒருவரைத் திடீரென அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் சில நிமிடங்களில் நினைவிழப்பார். அப்படியானால் மலையேறுவோர் எவ்வாறு செல்கின்றனர்? முகாம் முகாமாக ஏறி, சிறிது இறங்கி, மீண்டும் ஏறி வாரக்கணக்கில் உடலைப் பழக்குகின்றனர். முதலில் மூச்சு விரைவாகிறது. பின்னர் சிறுநீரகம் ஒரு சுரப்புநீரை அனுப்ப, எலும்பு மச்சை அதிகமான சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. உடன் பிராணவாயு உருளையையும் பெரும்பாலோர் சுமந்து செல்கின்றனர்.

1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் முதன்முதலில் உச்சியை அடைந்தனர். 1984 மே 23 அன்று பச்சேந்திரி பால் அங்கு நின்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 2023இல், அதே மே 23 அன்று, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி உச்சியை அடைந்து, அச்சிகரம் ஏறிய தமிழ்நாட்டின் முதல் பெண் என்னும் பெருமை பெற்றார். வெயில் நாட்டில் பிறந்த உடலும் பயிற்சியால் பனிமலையைத் தாங்கும் என்பதற்கு அவர் சான்று.

மாணவியரே, இங்கே நம்மைப் பற்றி ஒரு சொல். பிராணவாயுவைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை உள்ள பெண் சமவெளியில் நடந்தாலும் அவள் தசைகளுக்கு மலைமேல் நடப்பது போலவே பிராணவாயு குறைகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், பாடத்தில் கவனம் சிதறுவதும், விளையாட்டில் பின்தங்குவதும் அதன் விளைவாக இருக்கலாம். இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுதல் தவறு. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், மீன், இவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்து உண்ண வேண்டும். பள்ளியில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை மறைத்து எறியாமல் உணவுக்குப் பின் விழுங்க வேண்டும்.

ஆழம்

மலையில் பிராணவாயு குறைவு என்றால், கடலடியில் அறவே இல்லை. தூத்துக்குடி முதலான முத்துக்குளித்துறை ஊர்களின் குளியாளிகள் காலில் கல்லைக் கட்டிக் கயிற்றின் வழியே இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி சேகரித்தனர். அங்கே 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே அண்மைக் காலத்தில் தொடர்ந்து நடந்த கடைசிக் குளிப்பு. பாம்பன் பகுதிப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுத்துக் குடும்பம் காக்கின்றனர்.

முகம் நீரில் மூழ்கி மூச்சு அடங்கியதும் இதயத்துடிப்பு தானே குறைகிறது. கைகால்களுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் உள்ள சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்க்கிறது. தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் தென்கிழக்காசிய பஜாவ் மக்களின் மண்ணீரல் அண்டை மக்களுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது என்று 2018இல் கண்டறிந்தனர்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இனி மூச்சடக்க முடியாது என்று நம்மைத் தூண்டுவது பிராணவாயுக் குறைவு அன்று, சேர்ந்துபோகும் கரியமிலவாயுவே. சிலர் மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுவர். அதனால் கரியமிலவாயு குறையும். ஆனால் பிராணவாயு அதிகமாகச் சேர்வதில்லை. விளைவாக, மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே மயக்கம் வந்துவிடும். கிணற்றிலும் குளத்திலும் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று பந்தயம் கட்டுவது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். இதனை உங்கள் தம்பிமாருக்கும் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வெப்பம், குளிர், உயரம், ஆழம் ஆகிய நான்கிலும் கண்ட உண்மை ஒன்றே. உடல் தாங்குகிறது; ஆனால் மூன்று பொருள்களைக் கேட்கிறது. அவை கால அவகாசம், நீரும் உணவும், ஓய்வு என்பன. இவற்றை மறுத்துவிட்டு மனவுறுதியை மட்டும் நம்பினால் எல்லை நம்மை விட்டுவிடாது.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலைப் போலவே வெயிலும் உயிர் பறிக்கும் என்பதை இதனால் உணரலாம். நம் காஞ்சி வட்டாரத்து நெசவாளர் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, வெயில் ஏறுமுன் அவ்வேலையை முடிக்கும் வழக்கம் சிறந்த வழக்கமாகும். கொதிக்கும் சாயத்தொட்டியருகே நின்று பட்டுநூலைத் தோய்ப்பவருக்கு வெளிவெப்பம், நீராவி, உழைப்பின் வெப்பம் ஆகிய மூன்றும் ஒன்றுசேருகின்றன. அவர்களுக்கு இடையிடையே நிழலும் நீர்மோரும் தருவது உதவி மட்டும் அன்று, கடமையுமாகும்.

மாணவியர் பின்வருவனவற்றை நினைவில் கொள்க.

1. தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் பருகுக. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைத் தவிர்த்தல் கூடாது. கேரளத்தில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் மணி அடிக்கத் தொடங்கினர். 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அது வந்தது. அந்த மணிக்கும் வகுப்பு மணிக்கு உரிய மதிப்பைத் தருக.

2. காலையுணவு உண்ணாமல் வெயிலில் அணிவகுத்து நில்லாதீர். தலை சுற்றினால் கூச்சப்படாமல் உடனே அமர்ந்துவிடுக.

3. கடும் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. காலையோ மாலையோ பயிற்சிக்கு ஏற்ற நேரம்.

4. மிகுதியாக வியர்த்தாலும் வயிற்றுப்போக்கு நேர்ந்தாலும், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, அவ்வப்போது பருகுக. உப்பை மிகுதியாக்குதல் தீது.

5. வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. வியர்க்கிறது என்பதாலேயே ஆபத்தில்லை என்று எண்ணிவிடலாகாது. அறிவு தடுமாறுவதே முதன்மையான அறிகுறி. உடனே நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுக. 108க்குச் செய்தி அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர். நினைவற்றவர் வாயில் நீர் புகட்டலாகாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளை எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியே நம் வீடுகளில் வளர்க்கிறோம். பொறுமை நற்பண்பே. ஆனால் தாகம், மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டிய துன்பங்கள் அல்ல. உடல் நம்மோடு பேசும் மொழி. அம்மொழியைக் கேட்டு நடக்கும் பெண்ணே நெடுந்தூரம் நடப்பாள், மலையும் ஏறுவாள்.